அக்காவின் கொப்பியில் என் பெயர்

"தங்கச்சி, நீங்கள் எழுதி முடிச்சிட்டியளோ? அப்ப இனி நான் எழுதட்டோ?"

2019 தை மாதம். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம். அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை டேப்லெட்டில் பதிந்துவிட்டு எழுந்தேன். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், கையில் ஒரு கொப்பியோடு திரும்பி வந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற, கோடு போட்ட சாதாரணக் கொப்பி. தமிழ்நாட்டில் நீங்கள் நோட்டு என்பீர்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரித்துக் கோடு போட்டிருந்தார். திகதி, வந்தவர் பெயர், கேட்டது என்ன, நடந்தது என்ன.

முதல் பதிவு 2010. முகாமிலிருந்து அவர்கள் ஊர் திரும்பிய வருடம். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து விவரம் எழுதிக்கொண்டு போன ஒவ்வொருவரும் அதில் இருந்தார்கள். அரச அலுவலகங்களிலிருந்து வந்தவர்கள், தொண்டு நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். எனக்கு முன்னால் 23 பதிவுகள். நான்காவது கட்டத்தில் நான்கே நான்கு இடத்தில்தான் எழுத்து இருந்தது. ஒன்றில் "கக்கூஸ் கட்டித் தந்தவை." இன்னொன்றில் "பத்துக் கோழிக்குஞ்சு. ஆறு செத்துப்போச்சு."

மற்றதெல்லாம் வெறுமை. அந்த வெறுமைக்குப் பக்கத்தில் என் பெயரும் இரண்டு இடத்தில் இருந்தது, 2013-லும் 2016-லும். அன்றைக்கு மூன்றாவது முறையாக எழுதினார்.

2016-ம் வருடப் பதிவில், கேட்டது என்ன என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "கையெழுத்து."

அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"நான் குறை சொல்லேல்லை தங்கச்சி. நீங்கள் எங்களை எண்ணுறியள். நாங்களும் உங்களை எண்ணிப் பார்க்க வேணுமெல்லோ?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எண்ணுவதுதான் என் தொழில். போரால் பாதிக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் நிலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பதிகிற வேலை. எந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் வந்தார்கள், எந்தச் சங்கத்தில் எத்தனை பெண்கள் பொறுப்பில் இருக்கிறார்கள், இரவில் வெளியே போகப் பயமா இல்லையா, பிரச்சினை வந்தால் யாரிடம் போவீர்கள். ஊரில் எங்களுக்குப் பெயர் "படிவம் நிரப்புற பிள்ளையள்."

ஆனால் நான் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே என்னை எண்ணிவிட்டார்கள்.

2009-ல் போர் முடிந்தபோது எனக்கு 24 வயது. வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் மெனிக் பாம் என்று ஒரு முகாம். லட்சக்கணக்கான சனம். அம்மா, நான், தம்பி மூவரும் ஒரு கூடாரத்தில் இருந்தோம். ஒரு நாள் மட்டையில் தாள் செருகிய ஒரு பிள்ளை வந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள்.

"குடும்பத் தலைவர் ஆர்?"

அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"அவர் உயிரோடை இருக்கிறாரோ, இல்லையோ?"

அம்மா பேசவில்லை. அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது ஏப்ரல் மாதம். அந்தப் பிள்ளை பேனாவோடு காத்துக்கொண்டிருந்தது. அதன் தாளில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

"இல்லையெண்டு எழுதாதை பிள்ளை. எங்கை எண்டு தெரியேல்லை எண்டு எழுது" என்றார் அம்மா.

"அம்மா, அதுக்கு இதிலை இடமில்லை" என்றது அந்தப் பிள்ளை. பாவம், அதற்கும் அழுகை வந்துவிட்டது.

போரில் கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 89,000 என்று 2010-ல் அரசுத் தரப்பில் சொன்னார்கள். பின்னாளில் எத்தனையோ அறிக்கைகளில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், அதில் அம்மா இருக்கிறாரா இல்லையா என்று ஒரு யோசனை ஓடும். இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள். இல்லையென்றால், அப்பா இல்லாமல் அவர் குடும்பம் நடத்திய வருடங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறலாம் என்று சட்டம் வந்தது 2016-ல்தான். தெரியவில்லை என்ற பதிலுக்கு ஒரு கட்டம் போட ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20-ம் திகதி தெருவோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். பெரும்பாலும் தாய்மார்தான். 1,000-வது நாள், 2,000-வது நாள் என்று அவர்களும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். அம்மா சில நாள் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார்.

இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு 1325 என்ற எண் பழக்கமானது. 2000 அக்டோபர் 31-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் எண் அது. போர் நடக்கும் நாடுகளிலும் போர் முடிந்த நாடுகளிலும் பெண்களைப் பாதுகாக்க வேண்டும்; அமைதிப் பேச்சிலும் பிறகு நாட்டைக் கட்டியெழுப்பும் வேலையிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க 2010-ல் 26 குறிகாட்டிகளை வகுத்தார்கள். குறிகாட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போல. அமைதிப் பேச்சில் எத்தனை பெண்கள், பதவிகளில் எத்தனை பெண்கள், பெண்கள் பயமின்றி இருக்கிறார்களா, இப்படிப் போகும் அந்தப் பட்டியல்.

இந்தத் தீர்மானத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 2002-ல் நோர்வே நடுவில் நின்று அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சு நடந்தபோது, பெண்கள் விவகாரத்துக்கென்றே ஒரு துணைக் குழு அமைத்தார்கள். இரு தரப்பிலும் ஐந்தைந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில்தான் அவர்களின் முதல் கூட்டம். எனக்கு அப்போது 18 வயது. கொழும்பிலிருந்து பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. அடுத்த மாதமே பெரிய பேச்சு நின்றுபோனது. அதோடு இந்தக் குழுவின் வேலையும் நின்றது. பெரிய மேசையில் இடம் இல்லாமல் பக்கத்து அறையில் தனிக் கதிரை போட்டால், பெரிய மேசையைத் தூக்கும்போது அந்தக் கதிரையும் போய்விடும் என்பது எனக்கு அன்று புரியவில்லை.

இப்போது அந்தக் கையெழுத்துக் கதைக்கு வருகிறேன்.

2016-ல் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அக்காவின் கிராமத்தில் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். ஊருக்கு என்னென்ன வேலை முதலில் வேண்டும் என்று மக்களே தீர்மானிக்க வேண்டும். கூட்டத்துக்கு வருபவர்களில் 80 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த இலக்கு. 40 பெண்கள், 10 ஆண்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

ஆண்கள் சரியாகப் பத்துப் பேர் வந்தார்கள். பெண்கள் 32 பேர்தான். அது உழுந்து பிடுங்கும் காலம். பலர் கூலிக்குப் போய்விட்டார்கள்.

"எட்டுப் பேர் குறையுது. எப்பிடியும் சரிக்கட்டுங்கோ" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை வரவு இடாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கூட்டத்துக்கு வராத எட்டுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நிவாரணம், வீட்டுத் திட்டம் என்று எத்தனையோ தாள்களில் கையெழுத்து வைத்துப் பழகிய கைகள். அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் கொப்பி வைத்திருந்த அக்கா.

அறிக்கையில் "பெண்களின் பங்கேற்பு 80 சதவீதம்" என்று போனது. பாராட்டும் வந்தது.

வந்த 32 பேரின் கதையையும் சொல்ல வேண்டும். அவர்கள் பின்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். நாலைந்து பேர் குசினிப் பக்கம் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்கள். இடாப்பில் அவர்களும் பங்கேற்பாளர்கள்தான். முன்வரிசையில் இருந்த பத்துப் பேரும் வாசிகசாலைக்குக் கட்டடம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் வருகிற வீதி இருட்டாகக் கிடக்கிறது, விளக்குப் போட வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து சொன்னார். "அது பிறகு பாப்பம்" என்றார்கள். அது குறிப்பில்கூட ஏறவில்லை. குறிப்பு எழுதியதும் நான்தான்.

பொய்க் கையெழுத்து எட்டும் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த அறிக்கை உண்மையாகியிருக்காது. எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் படிவம் கேட்டது. அவர்கள் சொன்னது எங்கே போனது என்று அது கேட்கவே இல்லை.

அக்காவின் கொப்பியைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில், "சேகரித்த விவரத்தை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு நாள் தாருங்கள்" என்று கேட்டேன். அது வேறு அலுவலகம், வேறு மேலாளர். நல்ல மனிதர். ஆனால், "அதுக்குத் திட்டத்திலை காசு ஒதுக்கேல்லை" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரிலேயே போனேன். 2016 அறிக்கையில் அந்த ஊரைப் பற்றி இருந்ததை ஒரே தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போனேன். அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் 14 பெண்கள் வந்திருந்தார்கள். வாசித்தேன்.

"எண்பது வீதமோ? எங்கடை ஊரிலையோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கூசியது. எட்டுக் கையெழுத்தும் எப்படி வந்தது என்று அவர்கள் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு வயதான அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "அது எங்களுக்குத் தெரியும் பிள்ளை. உனக்குத் தெரியுமோ எண்டுதான் பாத்தனாங்கள்."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் இருந்தோம். எங்கள் படிவத்தில் என்னென்ன கேள்வி இருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டேன். கொட்டினார்கள். கூட்டத்தில் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று எழுது. ஒரு பெண் சொன்ன யோசனை குறிப்பில் ஏறியதா என்று எழுது. ஆறு மணிக்குப் பிறகு எந்த வீதியால் தனியாக வரலாம், எதால் வர முடியாது என்று எழுது. பொலிஸ் நிலையத்துக்குப் போனால் பேசுவதற்குப் பெண் உத்தியோகத்தர் இருந்தாரா, முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஆள் இருந்தாரா என்று எழுது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இலங்கையில் 2005-லேயே வந்துவிட்டது. உதவி கேட்க 1938 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சட்டம் உண்டா, எண் உண்டா என்று எங்கள் படிவங்கள் கேட்கும். இரண்டுக்கும் "ஆம்" போடுவோம். ஆனால் முறைப்பாட்டைத் தன் மொழியில் சொல்ல முடியாமல் திரும்பி வந்த பெண்ணுக்கு அந்த "ஆம்" எதற்கு உதவும்?

அடுத்த மாதக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அக்காவே கொப்பியோடு போய் உட்கார்ந்தார். ஆண் பேசினால் ஒரு கோடு, பெண் பேசினால் இந்தப் பக்கம் ஒரு கோடு. வந்தவர்கள் ஆண்கள் 12, பெண்கள் 31. கோடுகள் ஆண்கள் பக்கம் 27, பெண்கள் பக்கம் 4. கூட்டம் முடியும் நேரத்தில் எழுந்து அதை வாசித்தார். மண்டபம் அமைதியாகிவிட்டதாம். கிராம சேவகர், உங்கள் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த முறை பெண்களை முன்னுக்கு இருத்துவம்" என்றாராம். அடுத்த கூட்டத்தில் 9 கோடு. அதற்கடுத்ததில் 15.

வீதி விளக்குக்கும் வழி பிறந்தது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு என்று 2016-ல் சட்டம் வந்து, 2018 பிப்ரவரியில் அதன்படி முதல் தேர்தல் நடந்திருந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் அந்தச் சபைகளில் பெண்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. ஒரே தேர்தலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. அப்படி எங்கள் பிரதேச சபைக்குப் போன ஒரு பெண் உறுப்பினரிடம், ஒரு மாதம் எந்தெந்த இரவில் எந்தக் கம்பத்தில் வெளிச்சம் இல்லை என்று எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்தார்கள். அவர் அதைச் சபையில் அப்படியே வாசித்தார். ஏழு கம்பத்தில் நான்குக்கு விளக்கு வந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். 2020-ல் கொரோனா, 2022-ல் பொருளாதார நெருக்கடி. கூட்டங்கள் நின்றன. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போனது. உறுப்பினரும் இல்லை, சபையும் இல்லை. அதே வருடம்தான், பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய இலங்கையின் முதல் தேசியச் செயல்திட்டமும் வந்தது, 2023 முதல் 2027 வரைக்கும். 1325 வந்து 23 வருடம் கழித்து. திட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் சபையே இல்லாத அந்த நாட்களிலும், உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு என்ற வரியைப் படிவங்களில் சாதனையாக நிரப்பிக்கொண்டிருந்தோம். நான்கு விளக்கில் இரண்டு அணைந்து கிடந்தது. போய்ச் சொல்ல ஆள் இல்லை.

தேர்தல் 2025 மே 6-ல்தான் நடந்தது. அக்காவின் ஊர்க்காரர்கள் புதிய உறுப்பினரிடம் மறுபடி இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

எண்ணுவதை நான் விடவில்லை. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று மெனிக் பாமிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். எந்த ஊரில் விவரம் எடுத்தாலும், ஒரு தாளில் சுருக்கமாகத் தமிழில் எழுதி, திரும்பப் போய் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அறிக்கையை முடிக்கிறேன். தப்பாக இருந்தால் அவர்கள் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தில் இதற்கு இன்னும் தனியாகக் காசு இல்லை. பெட்ரோல் என் கணக்குத்தான்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருப்பதாக அறிகிறேன். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நீங்கள் போனால், ஒரு துண்டுத் தாள் கொண்டுபோங்கள். பேசுகிற ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு. முடிந்ததும் கூட்டிப் பார்த்து, அங்கேயே வாசித்துவிட்டு வாருங்கள்.

போன ஆவணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கொப்பி முடிந்து இரண்டாவது கொப்பி தொடங்கியிருந்தார். நான் கேட்காமலேயே பழையதை எடுத்து, 2019 தை மாதப் பக்கத்தைக் காட்டினார். என் மூன்றாவது பெயருக்கு நேரே, நான்காவது கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

"திரும்பி வந்தவ. வாசிச்சுக் காட்டினவ."

2013-க்கும் 2016-க்கும் நேரே உள்ள கட்டங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. "அதிலயும் ஏதாவது எழுதுங்கோவன் அக்கா" என்றேன்.

"அது அப்பிடியே கிடக்கட்டும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனார்.